பிள்ளையை முழிக்க வைத்தா பள்ளியின் தரத்தைப் பார்ப்பது?

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஊருக்கு வந்த ஒருவர் எங்கள் அரசுப் பள்ளிக்குள் நுழைந்து, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் ஒரு இங்கிலீஷ் வரியை வாசிக்கச் சொல்லி, அவன் முழிப்பதைப் படம் பிடித்து "இதுதான் தரம்" என்று போட்ட வீடியோ அது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஓடி, காரைக்குடி குழுக்களில் ஓடி, நேற்று சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தி மகள் "அக்கா, இது நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம்தானே?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. அந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில்தான் என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சார்பில் நானும் ஒரு உறுப்பினர்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தொடக்கப் பள்ளி நல்ல பள்ளியா இல்லையா என்று பார்க்க வேண்டுமானால், பிள்ளை அங்கே வரும்போது என்ன தெரிந்து வந்தது, இப்போது என்ன தெரிந்திருக்கிறது, இரண்டையும் பார்க்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், இன்று நிற்கும் இடத்தை மட்டும் படம் பிடித்துப் போட்டு "இதுதான் தரம்" என்றால், அது தரம் பார்ப்பது இல்லை. ஒரு பிள்ளையை ஊர் முன்னால் தலைகுனிய வைப்பது.

அந்தப் பையன் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவன் அப்பத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவன் அப்பா அம்மா கீதாரிகள், அதாவது ஊர் ஊராக ஆடு ஓட்டிப் போய் வயலில் எருவுக்குக் கிடை போடுகிறவர்கள். தை அறுவடை முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடுவார்கள். ஆற்றில் தண்ணீர் வந்து அங்கே உழவு தொடங்கினால்தான் திரும்புவார்கள். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிக் குடும்பங்களுக்கு இது தலைமுறை தலைமுறையாக வரும் பிழைப்பு. சில வருடம் பையனை அப்பத்தாவிடம் விட்டுப் போவார்கள், சில வருடம் கூடவே கூட்டிப் போவார்கள். ஒன்றாம் வகுப்பில் பாதி வருடம் அவன் வயல்வெளியில் இருந்தான். இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது அவனுக்கு 'அ' தெரியும், அவன் பெயரின் முதல் எழுத்து தெரியும். அவ்வளவுதான்.

இப்போது அவன் தமிழில் ஒரு முழுப் பத்தி வாசிக்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். புள்ளி வைத்த எழுத்து இரண்டு சேர்ந்து வந்தால் ஒரு கணம் நிற்பான். சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்துக்கொள்வான். அப்புறம் சரியாகச் சொல்லிவிட்டு டீச்சர் முகத்தைப் பார்ப்பான். பட்டிக்குள் ஆடு நுழையும்போது இரண்டிரண்டாக எண்ணிப் பழகியவன் என்று தெரிந்துகொண்டு, அதை வைத்தே அந்த டீச்சர் அவனுக்கு இரண்டாம் வாய்ப்பாட்டைத் தொடங்கி வைத்தார். இது எதுவும் வீடியோவில் வராது. பிடித்தவர் கேட்டதே அவர் போனில் இருந்த ஒரு இங்கிலீஷ் வரியை. அவனுடைய பாடப் புத்தகத்தைக்கூட அவர் திறந்து பார்க்கவில்லை.

இந்த ஒரு பையன் வந்த தூரத்தைக் கணக்கில் எடுத்தால், அந்தப் பள்ளி இவனுக்குச் செய்திருப்பது பெரிய காரியம். வீட்டில் அப்பாவும் அம்மாவும் படித்தவர்கள், மாலையில் டியூஷன், மூன்று வயதிலேயே கையில் புத்தகம் என்று வரும் பிள்ளையை வாசிக்க வைப்பது ஒரு வேலை. இவனை வாசிக்க வைப்பது வேறு வேலை. இரண்டு பிள்ளைகளையும் ஒரே வரியை வாசிக்கச் சொல்லிப் பள்ளிகளை ஒப்பிட்டால், நீங்கள் பார்ப்பது பள்ளியை இல்லை, அந்தந்த வீட்டை.

என் அண்ணன் மகன் காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். வேன், டை, ஷூ, டைரி எல்லாம் உண்டு. விருந்தாளி வந்தால் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் தடையே இல்லாமல் வாசித்துக் காட்டுவான். அண்ணிக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஒருநாள் நான் அந்தப் பக்கத்தின் நடுவில் ஒரு வார்த்தை மேல் விரலை வைத்து, "இது என்ன கண்ணு?" என்று கேட்டேன். பையன் பக்கத்தின் முதல் வரிக்குப் போனான். அங்கிருந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே வந்து, என் விரல் இருக்கும் இடத்தில் நின்று, அந்த வார்த்தையைச் சொன்னான். அதாவது அவனுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். எழுத்து தெரியாது. அண்ணி அன்று என்னோடு சரியாகப் பேசவில்லை. பையன் மேல் ஒரு குற்றமும் இல்லை, ஆறு வயதுப் பிள்ளை கேட்டதைச் செய்தது. ஆனால் அந்தப் பையனை யாரும் வீடியோ எடுத்து "இதுதான் கட்டணப் பள்ளியின் தரம்" என்று போடவில்லை. போட்டிருந்தால் அதையும் நான் எதிர்த்திருப்பேன்.

தரம் பார்க்க ஆசை இருக்கிறவர்கள் வாருங்கள், பாருங்கள். சுவரில் வரைந்த ரயில் பெட்டிப் படத்தைப் பார்க்காதீர்கள். பிள்ளைகளின் நோட்டைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பு மையில் வெறும் டிக் மட்டும் இருக்கிறதா, தப்பாக எழுதியதைப் பிள்ளை மறுபடி திருத்தி எழுதியிருக்கிறதா, அந்தத் திருத்தத்தையும் டீச்சர் பார்த்திருக்கிறாரா என்று பாருங்கள். இன்று வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று கேளுங்கள். டீச்சருக்குத் தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள். கதைப் புத்தகங்களைப் பாருங்கள்: ஓரம் மடங்கி, அட்டை கிழிந்து கிடக்கின்றனவா, பீரோவுக்குள் புத்தம் புதிதாகப் பூட்டிக் கிடக்கின்றனவா? கழிப்பறைக் குழாயைத் திறந்து பாருங்கள். எங்கள் பள்ளியில் அந்தக் குழாயில் தண்ணீர் வர நாங்கள் ஒன்றிய அலுவலகத்துக்கு எத்தனையோ முறை நடந்திருக்கிறோம். இதையெல்லாம் பார்க்க அரைநாள் ஆகும். அந்த அரைநாள் இல்லாதவர்களுக்கு ஒரு பள்ளியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதையும் இல்லை.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வரி இங்கிலீஷ் தெரிய வேண்டாமா என்று கேட்கிறீர்கள். தெரிய வேண்டும். என் மகளுக்கும் நன்றாகத் தெரிய வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். எங்கள் பள்ளியில் இங்கிலீஷ் வாசிப்பு பலவீனம்தான், கூட்டத்தில் நானே கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு மொழியில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்துவிட்ட பிள்ளை அடுத்த மொழிக்குச் சீக்கிரம் வந்துவிடும். முதல் மொழியே கைக்கு வராத பிள்ளைக்கு இரண்டாவது மொழியைத் திணித்தால் இரண்டும் இல்லை. 2022இல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததே எதற்காக? கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தையே மறந்து வந்ததால். ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையில் பிள்ளைகள் இருப்பார்கள் என்று அரசே ஒத்துக்கொண்டு, ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிப் பயிற்சி கொடுத்தது. அரும்பில் இருந்த பையன் மொட்டுக்கு வந்திருக்கிறான். மலரில் இருக்கும் பிள்ளையோடு நிறுத்தி அவனை அளப்பது என்ன நியாயம்?

"அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கவே வரவில்லை என்று அசர் அறிக்கை சொல்கிறதே" என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருந்தார். சரி, கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் நாடு முழுக்கப் பார்க்கும் அந்த ஆய்வு எப்படி நடக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? வீடு வீடாகப் போவார்கள். பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து எழுத்து, சொல், சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை என்று படிப்படியாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். எந்தப் படியில் பிள்ளை நிற்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். தனியார் பள்ளிப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் உண்டு. அந்த அறிக்கையைப் படித்து எனக்கும் கவலை வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் யாரும் பிள்ளையின் முகத்தை ஊருக்குக் காட்டவில்லை. அறிக்கையை மேற்கோள் காட்டுகிறவர் அவர்கள் பிள்ளையை நடத்தும் முறையையும் கொஞ்சம் படித்திருக்கலாம்.

"ஆசிரியர்களே தங்கள் பிள்ளைகளை அங்கே சேர்ப்பதில்லையே?" பல ஊர்களில் உண்மைதான். எனக்கும் வருத்தம்தான். அதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை.

"ஆசிரியர்களுக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்று எப்படியும் எழுதுவீர்கள். இரண்டு டீச்சர்கள், ஐந்து வகுப்பு. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நடுவில் கம்ப்யூட்டரில் பிள்ளைகளின் விவரம் ஏற்றும் எமிஸ் பதிவு, காலை உணவுக் கணக்கு, ஆதார் விவரம். வீடியோ எடுத்த அன்று ஒரு டீச்சர் பயிற்சியில் இருந்தார். இன்னொருவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கை பிடித்து எழுத வைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒருவர் அனுமதி கேட்காமல் உள்ளே நுழைந்து வகுப்பையே பரீட்சை மண்டபமாக்கினால் அந்த டீச்சர் யாரைத்தான் பார்ப்பார்?

இந்த இரண்டு டீச்சர் கதைக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது. ஆகஸ்ட் 1ஆம் தேதி எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் முடிவாகிறது. பிள்ளை குறைந்தால் பணி நிரவலில் ஒரு டீச்சரை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். டீச்சர் குறைந்தால் வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைப்பார்கள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் பிள்ளையை வேனில் ஏற்றுவார்கள். அப்புறம் எல்லாரும் சேர்ந்து "தரம் போச்சு" என்பார்கள். போகவிட்டது யார்? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2022இல் புதுமைப் பெண் திட்டம் வந்தது, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். இரண்டும் நல்ல திட்டம், மனமார வரவேற்கிறேன். ஆனால் இரண்டும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. அதனால் ஐந்தாம் வகுப்பு வரை தனியாரில் படிக்க வைத்துவிட்டு, ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளி வாசலில் வந்து நிற்கிறார்கள். தொடக்கப் பள்ளி யாருக்கும் வேண்டாம். அங்கே மிஞ்சுகிறவர்கள் கீதாரி வீட்டுப் பிள்ளை, சித்தாள் வீட்டுப் பிள்ளை, என்னைப் போல் கடையில் கணக்கு எழுதுகிறவள் வீட்டுப் பிள்ளை. மிஞ்சியவர்களைப் பார்த்துத்தான் இந்தச் சிரிப்பு.

"அழகப்பர் பிறந்த மண்ணில் இப்படி ஒரு பள்ளியா" என்று ஒருவர் உருகியிருக்கிறார். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் என்ன செய்தார் என்றாவது அவருக்கு நினைவிருக்கிறதா? 1947இல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். தன் ஊரில் இல்லாததைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். அவர் பெயரைச் சொல்லி ஒரு ஏழைப் பிள்ளையை ஏளனம் செய்யாதீர்கள். வெளியூரில் குடியேறிவிட்ட நீங்கள் கும்பாபிஷேகத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் ஊருக்கு வருகிறீர்கள், சந்தோஷம். வளவும் பட்டாலையுமாகப் பெரிய பெரிய வீடுகள் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கின்றன, அது உங்கள் சௌகரியம். வந்த இடத்தில் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கதை வாசித்துக் காட்டியிருந்தால் நானே நன்றி சொல்லி இங்கே பதிவு போட்டிருப்பேன்.

வீடியோ எடுத்தவரைவிட எனக்கு வலித்தது வேறு ஒன்று. என்னோடு அதே பள்ளியில், அதே பெஞ்சில், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் அந்த வீடியோவுக்குச் சிரிக்கும் முகம் போட்டுப் பகிர்ந்திருக்கிறான். இன்று பெரிய வேலையில் இருக்கிறான், நன்றாக இருக்கட்டும். சின்ன வயதில் அவனுக்கு 'ழ' வராது. எங்கள் டீச்சர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனை மட்டும் வேப்பமரத்தடியில் நிறுத்தி, நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று தன் வாயைத் திறந்து காட்டிச் சொல்லிக்கொடுத்தார். அன்று யாராவது அவன் முகத்துக்கு நேரே போனைப் பிடித்து "வாழைப்பழம் சொல்லு" என்று கேட்டு அதை ஊருக்கே அனுப்பியிருந்தால், அடுத்த நாள் அவன் பள்ளிக்கூடம் வந்திருப்பானா?

அந்தக் கீதாரி வீட்டுப் பையன் இரண்டு நாளாக வரவில்லை. டீச்சர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாளைக் காலை நானும் போகிறேன், என் மகளும் வருகிறாள்.

வீடியோவை எடுத்தவரிடம் பள்ளி மேலாண்மைக் குழுவின் சார்பில் பேசியிருக்கிறோம். நீக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் யாராவது பகிர்ந்திருந்தால் நீங்களும் இன்றே நீக்கிவிடுங்கள். கமெண்டில் பையனின் பெயரையோ பள்ளியின் பெயரையோ யாரும் எழுத வேண்டாம், எழுதினால் எடுத்துவிடுவேன். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள்.