ஓபரா குரல் கேட்பது சத்தத்தால் மட்டும் அல்ல
ஒரு நண்பர், ஓபரா (மேற்கத்திய இசை நாடகம்) பாடகர்களின் குரல் மைக் இல்லாமலே பெரிய இசைக்குழுவைத் தாண்டிக் கேட்பதற்கு நுரையீரல் பலம்தான் காரணம், தினமும் உரக்கப் பாடிப் பழகினால் போதும் என்று எழுதியிருக்கிறார். மூச்சுப் பயிற்சி அவசியம்தான். ஆனால் முக்கியக் காரணம் அதுவல்ல.

இசைக்குழுவின் ஒலி 500 ஹெர்ட்ஸ் (ஒலி ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற அளவு) பக்கத்தில்தான் வலுவாக இருக்கும், அதற்கு மேலே போகப்போகக் குறைந்துவிடும். பயிற்சி பெற்ற ஆண் குரலிலோ 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலி வலுத்து ஒரு தனி மேடு எழும்புகிறது. நம் காது கூர்மையாகக் கேட்கும் இடமும் அதுதான். குரல்வளையைத் தாழ்த்தி, தொண்டையை அகலமாக வைத்துப் பாடுவதால் வரும் ஒலிப்பு இது. சுவீடன் ஆய்வாளர் யோகான் சுண்ட்பெரி 1970களில் இதை அளந்து விளக்கினார். (சோப்ரானோக்களின், அதாவது உயர்ந்த குரலில் பாடும் பெண்களின், உச்ச ஸ்வரங்களுக்கு இது அப்படியே பொருந்தாது.)

நீங்களே பார்க்கலாம். போனில் ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஒரு இலவச ஸ்பெக்ட்ரோகிராம் செயலியைத் திறந்து, சாதாரணமாக 'ஆ' என்று சொல்லுங்கள். அப்புறம் ஒரு டெனர் (உயர்ந்த ஆண் குரல் பாடகர்) இசைக்குழுவோடு பாடும் பதிவை ஓடவிட்டு, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் பாருங்கள். பட்டை பளிச்சென்று தெரியும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் தயவுசெய்து கத்திப் பழக வேண்டாம், குரல்நாண் வீங்கிவிடும்.