பெட்டைக்கோழி விருந்தும் பத்து விரலும்

(மட்டக்களப்பு, கல்லடி. கலியாணத்துக்கு இன்னும் ஆறு நாள். வீட்டுக்குப் பின்னால் கல் வைத்து மூட்டிய அடுப்படியில் பெரியம்மா முறுக்குப் பிழிகிறார். எதிரே மணப்பெண்ணின் தங்கச்சி, வீட்டில் எல்லாருக்கும் சின்னவள். மடியில் கொப்பி, கையில் போன். நடுவில் ஒரு தாச்சி எண்ணெய்.)

சின்னவள்: பெரியம்மா, சனிக்கிழமை அக்காக்கு பேச்சலரெட் பார்ட்டி வெக்கிறம்.

பெரியம்மா: பேச்சலர் எண்டா கலியாணம் முடிக்காத பொடியன்மார். அவங்களுக்கு நாம என்னத்துக்குகா பார்ட்டி வெக்கிற?

சின்னவள்: பேச்சலர் இல்ல, பேச்சலரெட். பொண்ணுக்கு. கூட்டாளிமார் எல்லாம் சேர்ந்து செய்யிறது. அமெரிக்காவுல அப்பிடிச் சொல்லுவாங்க. இங்கிலாந்துல எண்டா ஹென் பார்ட்டி.

பெரியம்மா: ஹென் எண்டா பெட்டக்கோழி. பந்தல் போட்ட வீட்டுல மச்சம் ஏலா, சொல்லிப்போட்டன்.

சின்னவள்: கோழி சமைக்கல்ல! பொண்ணுதான் கோழி. மாப்பிள்ளைக்குச் செய்யிறது ஸ்டாக் பார்ட்டி. ஸ்டாக் எண்டா கலைமான்.

பெரியம்மா: பாத்தியா வெள்ளக்காரன்ட வேலைய. பொண்ணுக்கு முட்டையிடுற கோழி. மாப்பிள்ளைக்குக் கொம்போட மான்.

சின்னவள்: அத விடுங்க. வாறதுல கொழும்பில இருந்து அக்காட ஒபிஸ் புள்ளைகள் மூணு பேர், கனடாவுல இருந்து சித்தப்பாட மகள், யாழ்ப்பாணத்துல இருந்து மாப்பிள்ளைட தங்கச்சி. ஒராள ஒராளுக்குத் தெரியாது. சும்மா இருத்தினா ஆளுக்கொரு மூலையில போனத்தான் நோண்டுவாங்க. அதுக்குத்தான் ஐஸ்பிரேக்கர் எண்டு கேள்வி விளையாட்டு.

பெரியம்மா: கண்ணகை அம்மன் கோயில் கொம்பு விளையாட்டுப் போல எண்டு சொல்லு. ஊர வடசேரி, தென்சேரி எண்டு ரெண்டாப் பிரிச்சி, ஒரு பக்கத்த மத்தப் பக்கம் வசை பாடி, ரெண்டு கொம்பையும் பூட்டி முறியு மட்டும் இழுப்பாங்க. மறுகா எல்லாரும் சிரிச்சிக்கு வீட்ட போவாங்க.

சின்னவள்: இதுல இழுவை எல்லாம் இல்ல. கேள்விதான்.

பெரியம்மா: அப்ப நான் கேக்கிறன். முதல் கேள்வி: நீங்க என்ன குடி?

சின்னவள்: ஐயோ பெரியம்மா! கொழும்புப் புள்ளைகள் பியரா வைனா எண்டு கேக்கிறீங்க எண்டு நினைக்கும்.

பெரியம்மா: நினைச்சா நினைக்கட்டும். நான் கேக்கிறது வம்சக் குடி. தாயிட குடிதான் புள்ளைக்கு. ஒரே குடிக்குள்ள கலியாணம் முடிக்க ஏலா. அதக் கேக்காம ஒரு பொம்புளையோட எப்பிடிகா கதை தொடங்குற?

சின்னவள்: அது ஐஸ உடைக்கிற கேள்வி இல்ல, ஆள உடைக்கிற கேள்வி. இதக் கேளுங்க. மாப்பிள்ளையிட்ட பதினைஞ்சு கேள்வி கேட்டு வட்ஸ்அப்ல வீடியோ எடுத்தாச்சி. அதே கேள்விய அக்காட்டயும் கேப்பம். பதில் பொருந்தாட்டி பிழைக்கு ஒரு சுவிங்கம் வாயில போடணும். துப்ப ஏலா.

பெரியம்மா: நல்லாத்தான் இரிக்கி. என்ன கேட்ட?

சின்னவள்: உங்க ரெண்டு பேருக்குள்ள யாரு குறட்டை விடுற?

பெரியம்மா: அவன் என்ன சொன்னான்?

சின்னவள்: அக்காவாம்.

பெரியம்மா: (உரலை இறக்கி வைத்து) அவனுக்கு எப்பிடித் தெரியும்?

(எண்ணெய்ச் சத்தம் மட்டும். இதை மேடையில் போடுகிறவர்கள் இந்த இடத்தில் அவசரப்படாமல் பத்து வரை எண்ணவும்.)

சின்னவள்: போன்ல பெரியம்மா! கதைச்சுக் கதைச்சு அக்கா அப்பிடியே நித்திரையாப் போவா. அவர் அங்கால கேட்டுக்கு இருப்பார்.

பெரியம்மா: அந்தக் கேள்விய வெட்டு. உங்க அம்மாக்குப் பிரஷர். இத எழுது: கிணத்து மோட்டர் நிண்டா யாரு பாக்கிற? இது மூத்தவள்ட பேருல சீதனம் எழுதின வீடு. இஞ்ச வந்து இருக்கப் போறவன் அவன்தானே.

சின்னவள்: (எழுதிக்கொண்டே) மோட்டர்... சரி. அடுத்தது, "நான் ஒருக்காலும் செய்யல்ல". பத்து விரலையும் நீட்டணும். ஒராள் "நான் ஒருக்காலும் இதச் செய்யல்ல" எண்டு ஒண்டு சொல்லுவா. செஞ்ச ஆக்கள் ஒரு விரல மடக்கணும். வெளிநாட்டுல விரலுக்கு ஒரு மிடறு சாராயம். நமக்கு நெல்லிகிரஷ். நீட்டுங்க பாப்பம்.

பெரியம்மா: கை முழுக்க மா.

சின்னவள்: பரவால்ல. நான் ஒருக்காலும் வீட்டுக்குத் தெரியாமப் படம் பாக்கப் போகல்ல.

(பெரியம்மாவின் சுண்டுவிரல் மடங்குகிறது. காய்ந்த மா வெடித்து மடியில் உதிர்கிறது.)

சின்னவள்: பெரியம்மா!

பெரியம்மா: அடுத்தது.

சின்னவள்: நான் ஒருக்காலும் சோதினையில பாத்து எழுதல்ல.

(இரண்டு விரல் மடங்குகிறது.)

சின்னவள்: ஒண்டுதான் மடக்கணும்.

பெரியம்மா: ரெண்டு பாடம்.

சின்னவள்: நான் ஒருக்காலும் கோயில்ல செருப்புக் களவெடுக்கல்ல.

பெரியம்மா: மாமாங்கத்துல, ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குள்ள, என்ட செருப்ப யாரோ போட்டுக்குப் போயிற்றாங்க. வெறுங்காலோட வர ஏலா எண்டு வேற ஒண்டப் போட்டுக்கு வந்தன். அது களவா?

சின்னவள்: எப்பிடிச் செருப்பு?

பெரியம்மா: என்டதை விட நல்லது. (மடக்குகிறார்.)

சின்னவள்: நான் ஒருக்காலும் காதல் கடிதம் எழுதல்ல.

(விரல் அசையவில்லை.)

சின்னவள்: அப்பாடா. இதுல தப்பினீங்க.

பெரியம்மா: நான் எழுதல்லகா. கவி கட்டி ஆள்ட்டச் சொல்லி அனுப்பின.

சின்னவள்: யாருக்கு?

பெரியம்மா: அடுத்தது எண்டன். வேணா, நிப்பாட்டு! இது விளையாட்டில்ல, பொலிஸ் விசாரணை. மாப்பிள்ளைட தங்கச்சிக்கு முன்னால மூத்தவள் விரல மடக்க மடக்க, அந்தப் புள்ள வீடியோ எடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும். இங்க பந்தல் மட்டும்தான் மிஞ்சும்.

சின்னவள்: (கொப்பியில் பெரிய கோடு இழுக்கிறாள்.) அதுவும் சரிதான். அப்ப கடைசி. இதுல ஆபத்தில்ல. உங்களப் பத்தி மூணு விசயம் சொல்லணும். ரெண்டு மெய், ஒண்டு பொய். பொய் எது எண்டு மத்த ஆக்கள் கண்டுபிடிக்கணும்.

பெரியம்மா: (உரலில் மா அடைத்தபடி) ஒண்டு, கணக்குப் பாடத்துல நான் மூணு தரம் பெயில். ரெண்டு, பூரணை ராவுல வாவியில தோணியில போய், துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு, மத்த நுனியில காத வெச்சி மீன் பாடுறதக் கேட்டிரிக்கன். மூணு, கலியாணத்துக்கு முதல் உங்க பெரியப்பாவோட ஒரு வார்த்தை கதைச்சதில்ல.

சின்னவள்: லேசு. ரெண்டாவதுதான் பொய். கல்லடிப் பாலத்துல நான் எத்தனை தரம் நிண்டிரிக்கன். மோட்டச்சைக்கிள் சத்தம்தான் கேக்கும்.

பெரியம்மா: பாலத்துக்கு மேல நிண்டா மோட்டச்சைக்கிள்தான் பாடும். தண்ணிக்குக் கிட்டப் போகணும். 1950களிலயே ஒரு அமெரிக்கப் பாதிரியார் அந்தச் சத்தத்தப் பதிஞ்சு எடுத்தவர். ரேடியோ சிலோன்லயும் போட்டாங்க. நான் என்ட காதாலயே கேட்ட. மெய்.

சின்னவள்: அப்ப கணக்குப் பெயில்தான் பொய்.

பெரியம்மா: ரிசல்ட் தாள் மூணும் அலுமாரியில, பட்டுச் சீலைக்குக் கீழ கிடக்கு. போய்ப் பாரு.

சின்னவள்: அப்ப... (விரலை விட்டு எண்ணுகிறாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது விரல் அப்படியே நிற்கிறது.) பெரியம்மா.

பெரியம்மா: என்ன?

சின்னவள்: அண்டைக்குத் தோணி வலிச்சது யாரு?

பெரியம்மா: முறுக்குக் கருகுது புள்ள, எடு எடு!