சிட்டு பட்டினி கிடக்கவில்லை

விலா எலும்பு தெரியும் ஒரு நாயை வயதான அம்மா ஒருவர் நடத்திக்கொண்டு போகும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு முந்தாநாளிலிருந்து இன்பாக்ஸில் வந்து கேட்கும் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆமாம், அது எங்கள் வீட்டு நாய்தான். பெயர் சிட்டு. மூன்று வயதுப் பெட்டை, சிப்பிப்பாறை என்கிற நாட்டு வேட்டை நாய் இனம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பது என் அம்மா. வீடியோவுக்கு மேலே "வாயில்லா ஜீவனுக்கு ஒருவேளைச் சோறு போட மனசில்லாதவர்கள்" என்று எழுதியிருக்கிறார்களே, அது எங்களைத்தான்.

சிட்டு பட்டினி கிடக்கவில்லை. போன மாதம் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனபோது எடை 17 கிலோ. டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டையைப் படம் எடுத்து முதல் கமென்ட்டில் போட்டிருக்கிறேன். விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு "இதே எடையில் வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு மேல் ஏற்றாதீர்கள்" என்றுதான் அவர் சொன்னார்.

சிப்பிப்பாறை அப்படித்தான் இருக்கும். நல்ல வளர்ப்பில் இருக்கிற நாய்க்கே கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரியும், இடுப்பு எலும்பு தெரியும், வயிறு முதுகோடு ஒட்டினாற்போல் உள்ளே ஏறியிருக்கும். அது ஓடுவதற்கென்றே ஆன உடம்பு. நெஞ்சு ஆழமாக இறங்கியிருப்பது நுரையீரலுக்கும் இருதயத்துக்கும் இடம் வேண்டும் என்பதற்காக. முழு வேகத்தில் பாயும்போது பின்னங்கால் இரண்டும் முன்னங்காலைத் தாண்டி முன்னால் வந்து விழும், அதற்கு அடியில் இடம் வேண்டாமா? அந்தப் பாய்ச்சலில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை நாலு காலும் தரையை விட்டு மேலே இருக்கும். கர்நாடகத்து முதோல், அரபு நாடுகளின் சலூக்கி, கிரேஹவுண்ட் எல்லாமே இதே வாகுதான். மோப்பத்தை நம்பாமல் கண்ணால் பார்த்து விரட்டுகிற நாய்கள். எங்கேயாவது தொப்பை போட்ட கிரேஹவுண்டைப் பார்த்திருக்கிறீர்களா?

ஒரு நாயைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, இது என்ன வேலைக்கு வந்த நாய் என்பதுதான். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான், இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

சிப்பிப்பாறை என்பது சாத்தூர்ப் பக்கம் உள்ள ஊரின் பெயர். அந்தக் கரிசல் காட்டில் போய் நின்று பாருங்கள். பருத்தி எடுத்து முடிந்துவிட்டால் கண்ணுக்கு எட்டின தூரம் வெறும் தரை. ஒளிய மரம் கிடையாது, பாறை கிடையாது. அங்கே ஒரு முயல் கிளம்பினால் ஓடித்தான் தப்ப வேண்டும், நாய் ஓடித்தான் பிடிக்க வேண்டும். அதே நாயைத் தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் விட்டால் ஒன்றுக்கும் ஆகாது. அங்கே புதரும் பள்ளமும் காட்டுப்பன்றியும். அதனால்தான் அங்கே கோம்பை நாய் வந்தது. செவலை உடம்பு, கறுத்த மூஞ்சி, திடமான தாடை, கொஞ்சம் குட்டையான உருவம், பிடித்தால் விடாது. ராஜபாளையம் நாய் அதைவிட உயரம், கனத்த எலும்பு, கழுத்தடியில் தொங்கும் தோல், பன்றி வேட்டைக்கும் போகும், தோட்டத்தையும் வீட்டையும் காக்கும். இந்த மூன்று ஊருக்கும் நடுவே ஒரே நாளில் காரில் போய் வந்துவிடலாம். மண் மாறினால் வேலை மாறுகிறது, வேலை மாறினால் நாய் மாறுகிறது.

அப்புறம் கன்னி. சிப்பிப்பாறையின் உடன்பிறப்பு மாதிரி, கறுப்பு உடம்பு, காலிலும் நெஞ்சிலும் செம்மை, கண்ணுக்கு மேலே வைத்தாற்போல் இரண்டு பொட்டு. கல்யாணமாகிப் போகிற பெண்ணோடு கன்னிக் குட்டியைச் சீதனமாக அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம், அதனால்தான் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். என் பெரிய அத்தையோடு அப்படி ஒன்று போயிருக்கிறது. முன்பின் தெரியாத ஊரில், கிணற்றடிக்குப் போனாலும் விறகுக்குப் போனாலும் அதுதான் துணை. மாமா குடித்துவிட்டுக் கையை ஓங்கிக்கொண்டு வந்த ஒரு ராத்திரி, அது அத்தைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு நகரவே இல்லையாம். குரைக்கக்கூட இல்லை, சும்மா நின்றது என்பார் அத்தை. அந்த நாய் செத்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது, இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசினால் அத்தைக்குக் கண் கலங்கும். இந்த வீட்டிலிருந்து வந்த எங்களுக்கு நாய் வளர்க்கத் தெரியாது என்று முப்பது விநாடி வீடியோவில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

கமென்ட்டுகளில் நிறையப் பேர் தங்கள் வீட்டு லேப்ரடார் படத்தைப் போட்டு "நாய் என்றால் இப்படி வளர்க்கணும்" என்று எழுதியிருக்கிறார்கள். லேப்ரடார் அருமையான நாய், எனக்கு ஒரு குறையும் இல்லை. அதன் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு பனித்தண்ணீரில் இறங்கி வேலை செய்தவை. தடித்த ரோமமும் தோலடிக் கொழுப்பும் அந்தத் தண்ணீருக்கு. அது மட்டுமில்லை, லேப்ரடாரில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு போட்டாலும் இன்னும் கேட்கும். அப்படி வேண்டிய மட்டும் தின்று பெருத்த நாயை ஊரெல்லாம் பார்த்துப் பார்த்து, நாய் என்றாலே அந்த அளவுதான் என்று கண் பழகிவிட்டது. அந்தக் கண்ணால் பார்த்தால் சிட்டு எலும்புக்கூடாகத்தான் தெரியும். கோளாறு சிட்டுவின் உடம்பில் இல்லை.

வீடியோ வந்த மறுநாள் காலை நடந்ததை இதுவரை எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். ஏழு மணிக்கு இரண்டு பேர் வந்து கேட்டைத் தட்டினார்கள். புகார் வந்திருக்கிறதாம், நாயைப் பார்க்க வேண்டுமாம். ஒருவர் கையில் போன் ஓடிக்கொண்டிருந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் கதவைத் திறந்திருக்கிறார். நான் தலை துவட்டாமல் ஓடி வரும்போது, ஒருவர் குனிந்து சிட்டுவின் விலா எலும்பை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணிக் காட்ட, இன்னொருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சிட்டு அம்மாவின் சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது. அம்மா எதுவும் பேசாமல் உள்ளே போய், அதன் தட்டைக் கொண்டுவந்து அவர்களிடம் காட்டினார். காலையில் போட்ட கம்பங்கூழும் தயிரும் இரண்டு முட்டையும், பாதி சாப்பிட்டது போக மிச்சம் இருந்தது. "பாருங்க தம்பி, போட்டுத்தான் இருக்கேன், அது இவ்வளவுதான் திங்கும்" என்றார். எழுபத்தொரு வயதில், சொந்த வீட்டு வாசலில் நின்று, தட்டைக் காட்டி, தான் சோறு போட்டதை நிரூபிக்க வேண்டி வந்தது. நாலு பிள்ளை வளர்த்த கை அது.

நான் அட்டையைக் காட்டிய பிறகு "சரி சார், பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வருத்தம் சொல்லவில்லை. வீடியோவும் இன்னும் அப்படியே இருக்கிறது.

இனி வரப்போகிற கேள்விகள் எனக்குத் தெரியும். "உண்மையிலேயே பட்டினி போடுகிறவர்கள் இருக்கிறார்களே, சந்தேகம் வந்தால் கேட்கக் கூடாதா?" கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். கேட்பது என்றால் பக்கத்தில் வந்து "என்ன நாய்ங்க இது, ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்பது. அம்மா உட்காரவைத்து காபி கொடுத்து அரை மணி நேரம் சொல்லியிருப்பார். உண்மையில் பட்டினி கிடக்கும் நாய்க்கு ரோமம் மங்கிப்போகும், தொடைச் சதை கரைந்துபோகும், முதுகெலும்பு முள்முள்ளாக நிற்கும், கண்ணில் உயிர் இருக்காது. சிட்டுவின் பின்தொடையை அந்த வீடியோவிலேயே நிறுத்திப் பாருங்கள், கயிறு முறுக்கினாற்போல் இருக்கும்.

"வேட்டை நாயைப் பெருமை பேசுகிறாயே, வேட்டை குற்றமில்லையா?" குற்றம்தான். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, முயலானாலும் பன்றியானாலும் தொடக் கூடாது, சிட்டு இதுவரை ஒரு முயலைக் கண்டதில்லை. தாத்தா காலத்தில் வேட்டை நடந்தது, அதை நான் மறைக்கவில்லை. வேட்டை நின்றதற்காக நாயும் அழிந்துபோகட்டும் என்று விட்டுவிட முடியுமா? மைதானத்தில் அதிகாலை கயிறில்லாமல் ஓடவிட்டால் போதும், அதற்கு அதுவே வாழ்க்கை.

"ஜமீன் பெருமை, சாதிப் பெருமை" என்று ஒருவர் எழுதியிருந்தார். என் தாத்தா கிடை போட்டு ஆடு மேய்த்தவர். அதற்கு மேல் இதற்குப் பதில் கிடையாது.

"தெருநாயை எடுத்து வளர்க்கலாமே?" வளர்க்கலாம், நல்ல காரியம். எங்கள் வீட்டில் சிட்டுவுக்கு முன்னால் இருந்தது தெருநாய்தான்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவிலேயே ஒரு சைபீரியன் ஹஸ்கி இருக்கிறது. வடகிழக்கு சைபீரியாவில் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்த நாய். 1925இல் அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஏறக்குறைய 1,085 கிலோமீட்டர் பனியில் நாய்வண்டிகள் மாற்றி மாற்றி ஓடி ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டு சேர்த்தன, அதில் மிக நீண்ட தூரம் ஓடியது டோகோ என்கிற ஹஸ்கியின் வண்டி. அப்பேர்ப்பட்ட நாய், இரண்டு அடுக்கு ரோமத்தோடு, மதுரையில் சித்திரை மாதத்தில், கரண்டு போனால் குளியலறைத் தரையில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடக்கிறது. சாயங்காலம் அதைத் தெருவில் கூட்டிக்கொண்டு போனால் எல்லோரும் கூடநின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பற்றி யாரும் புகார் கொடுக்கவில்லை. புசுபுசுவென்று இருப்பதால் அதற்குக் கஷ்டமே தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். என்ன வேலைக்கு வந்த நாய் என்று யாராவது கேட்டார்களா?

நம் நாயையும் நாம் இப்படித்தான் பார்க்கிறோம். ராஜபாளையம் என்றால் பால் வெள்ளை வேண்டும், மூக்கு ரோஸ் நிறத்தில் வேண்டும். வெள்ளையோடு வெள்ளை சேர்த்துச் சேர்த்து, காது கேட்காத குட்டிகள் பிறக்கின்றன. உள்காதில் நிறமி உயிரணு இல்லாமல் போவதால் வருகிற செவிடு அது, டால்மேஷனிலும் இதே கதை. காவலுக்கு வந்த நாய்க்குக் காது போனால் அப்புறம் என்ன காவல்? 2005இல் தபால்தலையில் ராஜபாளையம் வந்தது, 2020இல் பிரதமர் 'மனதின் குரல்' வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னார், அந்தச் சமயத்தில் எல்லோரும் நம்ம நாய் நம்ம பெருமை என்று ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அந்த ஸ்டேட்டஸ் வைத்தவர்களில் இரண்டு பேர் முந்தாநாள் வீடியோவை ஷேர் செய்திருக்கிறார்கள். பெயர் தெரிந்திருக்கிறது, நேரில் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. எனக்கு அதுதான் அதிகமாக வலிக்கிறது. திட்டினவர்களில் பாதிப் பேர் என் ஊர்க்காரர்கள்.

நேற்றிலிருந்து அம்மா சிட்டுவைப் பகலில் வெளியே கூட்டிப்போவதில்லை. நாலே முக்காலுக்கு எழுந்து, தெருவிளக்கு அணைவதற்குள் போய்விட்டு வந்துவிடுகிறார். ஏன் என்று கேட்டால் "வெயிலுக்கு முன்னால போனா நல்லதுப்பா" என்கிறார். ராத்திரி அதன் தட்டில் வழக்கத்தைவிட இரண்டு கரண்டி கூட வைக்கிறார், அது மோந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது.

வீடியோ எடுத்தவர் என் நண்பர் பட்டியலில் யாருக்காவது தெரிந்தவராகத்தான் இருப்பார். அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர் வாசல் திண்ணையில்தான் இருப்பார், சிட்டுவும் கூட இருக்கும், கடிக்காது.