கேட்டுவிட்டுக் கைவையுங்கள்

நேற்றும் நடந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை.

ரயில் நிலையத்துப் படிகளை இறங்கி வெளியே வந்து, ஊன்றுகோலைச் சரியாக ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்க நின்றேன். "அக்கா, ஒரு நிமிஷம்" என்று பின்னால் ஒரு குரல். திரும்புவதற்குள் தோளில் ஒரு கை விழுந்துவிட்டது. "உங்க காலுக்காக ஜெபிக்கலாமா அக்கா?" என்று வாய் கேட்டதே தவிர, பதிலுக்கு அந்தத் தம்பி காத்திருக்கவில்லை. கண்ணை மூடியாகிவிட்டது, குரலும் ஏறிவிட்டது. போகிறவர் வருகிறவர் எல்லாம் என் காலைப் பார்க்கிறார்கள். மற்றவர்களுக்கு அங்கிருந்து அலுவலகம் ஐந்து நிமிஷ நடை, எனக்குப் பன்னிரண்டு நிமிஷம். அதற்கென்று நான் மிச்சம் பிடித்து வைத்திருந்த நேரத்தில் நான்கு நிமிஷத்தை எடுத்துக்கொண்டு, "கர்த்தர் தொட்டுட்டார் அக்கா, நம்புங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மதத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நானும் விசுவாசிதான். காலையில் ஜெபிக்காமல் வீட்டைவிட்டு இறங்கமாட்டேன். என் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் தெருவில் நின்று கைப்பிரதி கொடுத்தவர். சின்ன வயதில் அந்தக் கைப்பிரதிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் ஒருவர் வாங்கிய வேகத்தில் அதைக் கசக்கி அம்மாவின் முகத்திலேயே எறிந்தார். அம்மா குனிந்து எடுத்தார். முழங்காலில் வைத்து உள்ளங்கையால் நீவி, மடிப்பு போகிறவரை நீவி, பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த ஆளின் பின்னால் போகவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேச எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

தெருவில் சுவிசேஷம் சொல்வது நேற்று முளைத்த பழக்கமும் இல்லை. 1739இல் ஜார்ஜ் விட்ஃபீல்ட் என்ற போதகர் இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில், கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வெட்டவெளியில் பிரசங்கித்தார். அப்புறம் தன் நண்பரும் போதகருமான ஜான் வெஸ்லியையும் கூப்பிட்டார். ஆலயத்துக்கு வெளியே பிரசங்கமா என்று முதலில் கூசிய வெஸ்லி, அந்த வருஷம் ஏப்ரலில் ஆரம்பித்துவிட்டு அதற்கப்புறம் ஐம்பது வருஷம் விடவில்லை. கேட்க மனமிருந்தவர்கள் நின்று கேட்டார்கள், மற்றவர்கள் தங்கள் வழியே போனார்கள். தன் வழியே போவது என்கிற அந்தச் சாதாரண விஷயம்தான் எனக்குக் கிடைப்பதில்லை. இரண்டு காலும் நன்றாக இருப்பவர்கள் கையை அசைத்துவிட்டு விறுவிறுவென்று கடந்துவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரும், வெள்ளைக் கோலோடு வருபவரும், என்னைப் போன்றவர்களும் மாட்டிக்கொள்கிறோம். ஓடமுடியாதவர்களைத் தேர்ந்தெடுத்து நிறுத்துவதை ஊழியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சில குழுக்கள் புறப்படும் முன் ஜெபத்தில் உட்கார்ந்து, மனதில் தோன்றுவதைக் காகிதத்தில் எழுதிக்கொள்வார்கள். நீலச் சட்டை, பேருந்து நிறுத்தம், நொண்டி நடப்பவர் என்று இருக்கும். பிறகு அந்த அடையாளங்கள் பொருந்துகிற ஆளைத் தேடித் தெருவில் இறங்குவார்கள். ஒரு பெண் அந்தக் காகிதத்தையே என்னிடம் காட்டினார். 'ஊன்றுகோல்' என்று எழுதியிருந்தது. "ஆண்டவர் உங்களைத்தான் காட்டினார் அக்கா" என்றபோது அவர் கண்ணில் நீர் இருந்தது. அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பார்த்தது மறுபடியும் என் ஊன்றுகோலைத்தான்.

இரண்டு மாதம் முன்பு நடந்ததைச் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் இனி வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

மூன்று பேர் வந்தார்கள், இரண்டு வாலிபர்களும் கையில் போனோடு ஒரு பெண்ணும். மாலை நேரம், நான் களைத்துப்போய் நிலையத்துக்கு வெளியே இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் என் முன்னால் மண்டியிட்டார். என் இரண்டு குதிகால்களையும் சேர்த்துப் பிடித்தார். "பாருங்க, ஒரு கால் குட்டையா இருக்கு" என்றார், எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வதுபோல. ஒன்றரை வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அது. அந்தக் கிருமி முதுகுத்தண்டில் தசைகளை இயக்குகிற நரம்பணுக்களை அழித்துவிடும். தசை மெலியும், காலின் வளர்ச்சி குறையும். ஆனால் தொடு உணர்வு அப்படியே இருக்கும். குளிர் தெரியும், சூடு தெரியும், ஒரு வேற்று ஆண் என் கெண்டைக்காலைப் பிடித்தால் அவருடைய ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரியும். மரத்துப்போன கால் என்று நினைத்துப் பிடிக்கிறார்கள். எனக்குக் கூசிப்போகிறது.

"வளரு, இயேசுவின் நாமத்தில் வளரு" என்று அவர் சத்தமிட்டு இழுத்தார். உட்கார்ந்திருக்கும் ஒருவரின் காலை அப்படி இழுத்தால் இடுப்பு நகரும், இடுப்பு நகர்ந்தால் குட்டைக் கால் நீண்டதுபோலத்தான் தெரியும். அந்தப் பெண் "அல்லேலூயா" என்றார். "இப்போ வலி எவ்வளவு இருக்கு அக்கா, பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார்கள். எனக்கு வலி எப்போதுமே இல்லை தம்பி, பலம்தான் இல்லை என்றேன். "வலி இல்லையாம்!" என்று போனைப் பார்த்துச் சொன்னார் ஒருவர். இன்னொருவர் ஊன்றுகோலை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "விசுவாசத்தோட நாலு அடி வாங்க அக்கா."

ஊன்றுகோல் என் உடம்பு. அதைக் கேட்காமல் எடுப்பது என் கையைப் பிடித்து முறுக்குவதற்குச் சமம். கொடு என்றேன், கொடுக்கவில்லை. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். காலில் அதைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர் இருக்கிற நம்பிக்கையில், எப்படியாவது வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று எழுந்து ஒரு அடி எடுத்து வைத்தேன். இரண்டாவது அடியில் விழுந்தேன். மணிக்கட்டு வீங்கி, ஊன்றுகோலைப் பிடிக்க முடியாமல் ஒன்பது நாள் வீட்டில் கிடந்தேன். விழுந்த என்னைத் தூக்கியவர் அந்த வழியாகப் போன ஒரு பெரியவர். அந்த மூவரில் ஒருவர் அப்போதும் கண்ணை மூடி அந்நிய பாஷையில், ஆவியில் வருவதாக நம்புகிற புரியாத மொழியில், பேசிக்கொண்டிருந்தார். ஊன்றுகோலை என் பக்கத்தில் வைத்த தம்பி மெதுவாகச் சொன்னது இதுதான்: "கொஞ்சம் விசுவாசம் குறைஞ்சிடுச்சு அக்கா."

இந்த வார்த்தையை நாற்பது வருஷமாகக் கேட்கிறேன். சின்ன வயதில் இதை நம்பி, போர்வைக்குள் அழுதுகொண்டே, ஆண்டவரே என் விசுவாசத்தைக் கூட்டும் என்று ஜெபித்த இரவுகள் எத்தனையோ. இன்றைக்குக் கேட்கிறேன், எந்த வேதத்தில் இருந்து இதை எடுத்தீர்கள்? கூரையைப் பிரித்து நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனை இறக்கினார்களே, அங்கே இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை" என்றுதான் எழுதியிருக்கிறது. சுமந்து வந்தவர்களின் விசுவாசமும் சேர்ந்த கணக்கு அது. அப்படியிருக்க, என் கால் நேராகாவிட்டால் குறை என்னிடம் மட்டும் எப்படி வந்தது? அப்போஸ்தலன் பவுல், தன் உடம்பில் முள் என்று அவரே சொன்ன உபத்திரவத்துக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில் வந்தது. உடன் ஊழியரான தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று கடிதத்தில் எழுதினார். கூடவே பயணம் செய்த துரோப்பீமை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டு வந்தார். அவர்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவு என்று பிரசங்க மேடையில் ஏறிச் சொல்வீர்களா?

உடனே ஒரு வசனத்தை நீட்டுவார்கள். அலங்கார வாசலில் பேதுரு சப்பாணியின் கையைப் பிடித்துத் தூக்கவில்லையா என்பார்கள். தூக்கினார். அவன் எழுந்து நடந்தான், குதித்தான். நீங்கள் தூக்கினீர்கள், நான் விழுந்தேன். விழுந்தவளை என்ன செய்தீர்கள் என்று பதில் சொல்லிவிட்டு அந்த வசனத்தைக் கொண்டு வாருங்கள்.

இயேசு எப்படிச் செய்தார் என்று பாருங்கள். எரிகோவில் பர்திமேயு கத்துகிறான். அவன் குருடன் என்று ஊருக்கே தெரியும். அவன் எதற்காகக் கத்துகிறான் என்பதும் தெரியும். அப்படியும் இயேசு நின்று, அவனை அழைத்து, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்?" என்று கேட்டார். பெதஸ்தா குளத்தருகே படுத்துக் கிடந்த, முப்பத்தெட்டு வருஷமாக வியாதியாயிருந்தவனிடமும் சொஸ்தமாக விரும்புகிறாயா என்று கேட்டார். மனுஷன் மனதில் இருப்பதை அறிந்தவர் என்று நாம் அறிக்கையிடுகிற ஒருவரே கேட்டுவிட்டுத்தான் சுகமாக்கினார் என்றால், உங்களுக்கு அந்த ஒரு கேள்வி கேட்க என்ன தடை?

பெத்சாயிதாவில் நடந்ததும் எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கே ஒரு குருடனின் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே, கூட்டத்தின் கண்ணில் படாத இடத்துக்கு இயேசு அழைத்துப்போனார். தொட்ட பிறகு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். மனிதர்கள் மரங்களைப்போல நடப்பது தெரிகிறது என்றான் அவன். பாதிதான் தெரிகிறது என்ற உண்மையை அவன் பயமில்லாமல் சொல்ல முடிந்தது. அதற்காக அவன் விசுவாசத்தை யாரும் குறை சொல்லவில்லை. இயேசு மறுபடியும் தொட்டார். அப்புறம் ஊருக்குள் போகாதே, யாருக்கும் சொல்லாதே என்று அனுப்பினார். பத்துக்கு எத்தனை என்று கேட்கிறவர்கள் இந்தப் பகுதியைத்தான் ஆதாரம் காட்டுவார்கள். சரி, அப்படியானால் கூட்டத்தைவிட்டு விலகிப் போனதையும், உண்மையான பதிலை ஏற்றுக்கொண்டதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் வல்லமையாக ஜெபிக்கும் இந்த முறையை 1980களில் அமெரிக்காவில் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் ஜான் விம்பர் என்ற போதகர். அவர் கற்றுக்கொடுத்த ஜெப முறையில் ஐந்து படிகள் உண்டு. முதல் படியே பேட்டிதான். என்ன பிரச்சினை, உங்களுக்கு என்ன வேண்டும் என்று எதிரில் இருப்பவரிடம் கேட்பது. உங்கள் பயிற்சிக் கூட்டங்களில் இந்த முதல் படியை யார் எப்போது எடுத்தெறிந்தார்கள்?

எல்லோரும் இப்படி இல்லை. ஒரு வயதான அண்ணன் அதே நிலையத்து வாசலில் கைப்பிரதி கொடுப்பார். முதல் நாள் நீட்டினார், வேண்டாம் என்றேன், சரிம்மா என்று ஒதுங்கி வழிவிட்டார். பல வாரம் கழித்து ஒரு மழைநாளில் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே நிற்க வேண்டி வந்தது. பெயர் கேட்டார். பிறகு, "உங்களுக்காக எதற்கு ஜெபிக்கட்டும்மா?" என்றார். என் காலைப் பார்க்கவே இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, ஏனென்றால் தெருவில் என்னை நிறுத்திய யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை. என் தம்பி ஆறு வருஷமாக என்னோடு பேசுவதில்லை, வீட்டுப் பாகப்பிரிவினையில் வந்த சண்டை, அதற்காக ஜெபியுங்கள் என்றேன். தொடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். கையைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத குரலில், இரண்டே நிமிஷம் ஜெபித்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, "தம்பி பேசினாராம்மா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். "நான் விடலைம்மா" என்றார். என் கால் எனக்குப் பழகிவிட்டது, அதோடு நான் குடும்பம் நடத்தி, வேலை பார்த்து, பிள்ளையை வளர்த்துவிட்டேன். பழகாதது தம்பியின் மௌனம்தான்.

இப்போது அந்த மூன்று பேருக்கு வருகிறேன். கை தேறி நான் வெளியே வந்த பிறகு சபையில் ஒரு சிஸ்டர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "சொஸ்தமாயிட்டீங்களாமே! சாட்சி பார்த்தேன்." போனில் காட்டினார். நாற்பது விநாடி வீடியோ. கால் இழுக்கப்படுகிறது, "வலி இல்லையாம்" என்று குரல் வருகிறது, நான் எழுந்து ஒரு அடி வைக்கிறேன், அங்கே வெட்டிவிட்டார்கள். பின்னணியில் ஒரு துதிப்பாட்டு. இளம்பிள்ளை வாதத்தில் இருந்து விடுதலை என்று தலைப்பு. என் முகம் முழுசாகத் தெரிகிறது. சிஸ்டர் என் கையில் இருந்த ஊன்றுகோலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் மறக்கவே முடியாது. சுகம் பெற்று அதை இழந்துவிட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அந்தக் குழுவுக்கு எழுதினேன். வீடியோவை எடுத்துவிடுங்கள், நான் விழுந்தேன், கை வீங்கிக் கிடந்தேன் என்று எழுதினேன். "இதனால் அநேகர் தொடப்படுகிறார்கள் சிஸ்டர், தேவ மகிமைக்காக விட்டுக்கொடுங்கள்" என்று பதில் வந்தது. நடக்காத ஒன்று நடந்ததாகச் சொல்வதற்கு வேதத்தில் பெயர் இருக்கிறது, பொய்ச்சாட்சி. பத்துக் கட்டளைகளில் அதுவும் ஒன்று. ஆண்டவருக்கு மகிமை சேர்க்க என் காலைப் பற்றிய பொய் தேவைப்படுகிறது என்று நினைக்கிறீர்களே, அது அவரைப் பற்றி எவ்வளவு கேவலமான எண்ணம் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? இளம்பிள்ளை வாதம் வந்த குழந்தையை வைத்துக்கொண்டு எங்கேயோ ஒரு தாய் இதைப் பார்ப்பாள். காலிப்பரைக் கழற்றிவிட்டு நடக்கச் சொல்லிப் பார்ப்பாள். அந்தக் குழந்தை விழுந்தால் அதற்கும் விசுவாசக் குறைவு என்பீர்களா?

மூன்று முறை எழுதிவிட்டேன். இன்று காலையும் பார்த்தேன், வீடியோ இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எடுங்கள். எடுத்துவிட்டு, நான் விழுந்தேன் என்பதையும் அதே இடத்தில் எழுதிப் போடுங்கள்.