கோப்புகளை மட்டும் கைமாற்றினால் போதாது

கனடாவின் ஸ்காபரோவில் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சிறுவர் நலப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வரும்போது அவருக்கும் குடும்பத்துக்கும் நடுவில் உட்கார்ந்து இரு பக்கத்துப் பேச்சையும் மாற்றிச் சொல்வது என் பணி. அடையாளங்களை மாற்றி ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். ஆறு வயதுப் பேத்தி எங்கே தூங்குகிறாள் என்று பணியாளர் கேட்டார். "என்னோடதான், பாயில. பிறந்ததில இருந்து அப்பிடித்தான்" என்றார் அப்பம்மா. நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். பணியாளர் கனிவானவர்தான். ஆனால் அவர் கையிலிருந்த படிவத்தில், பிள்ளைக்குத் தனிக் கட்டில் உண்டா என்ற கேள்விக்கு எதிரே இரண்டே கட்டங்கள் இருந்தன. அவர் 'இல்லை' என்பதில் குறியிட்டார். இரவில் பிள்ளையின் கால் குளிரில் வெளியே வந்துவிடாதபடி போர்வையின் ஓரத்தை அந்த அப்பம்மா பாய்க்கு அடியில் செருகி வைத்திருந்தார். அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

அந்தக் குடும்பத்துக்குக் கேடு எதுவும் வரவில்லை. சில வாரங்களில் விவகாரம் முடிந்துவிட்டது. ஆனால் இந்த நாட்டின் பூர்வகுடிக் குடும்பங்களில் இத்தகைய குறிகள் பிள்ளையையே கொண்டுபோயிருக்கின்றன. 2021ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி கனடாவில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 சதவீதம், வளர்ப்பு இல்லங்களில் இருக்கும் அதே வயதுப் பிள்ளைகளிலோ அவர்கள் 53.8 சதவீதம். சிறுவர் நலச் சேவைகளைப் பூர்வகுடிகளின் சொந்த ஆட்சி அமைப்புகளிடம் ஒப்படைப்பது பற்றிப் பேச்செழும்போதெல்லாம், நம்மவர்கள் சிலர் "அவர்களால் முடியுமா?" என்று கேட்பதைக் கேட்டிருக்கிறேன். இத்தனை காலம் இதை நடத்தியவர்களால் முடிந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பதால் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த வதிவிடப் பள்ளிகளைப் பற்றி இங்கு வாழும் தமிழர்கள் பலருக்கும் இப்போது தெரியும். அதற்குப் பின்னால் வந்தது பற்றி அவ்வளவாகத் தெரியாது. பூர்வகுடிகளை 'இந்தியர்' என்று குறித்து அவர்களை ஆளும் மத்திய சட்டமான இந்தியர் சட்டம் 1951இல் திருத்தப்பட்டபோது, மாகாணச் சட்டங்கள் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களிலும் செல்லும் என்றாயிற்று. அதன் வழியே மாகாணச் சிறுவர் நலத் துறைகள் உள்ளே நுழைந்தன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வெள்ளையர் குடும்பங்களுக்கு, சிலர் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குக்கூட, தத்துக் கொடுக்கப்பட்டார்கள். 'அறுபதுகளின் அள்ளல்' என்று இன்று அழைக்கப்படும் அந்தக் காலம் அறுபதுகளோடு முடிந்துவிடவில்லை. 1985இல் மனிடோபாவில் இதை விசாரித்த நீதிபதி எட்வின் கிமெல்மன், நடந்தது பண்பாட்டு இனப்படுகொலை என்று தம் அறிக்கையில் எழுதினார். எழுதியவர் ஒரு மாகாண நீதிபதி என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

என்னை அதிகம் உலுக்கியது பணம் கொடுக்கப்பட்ட முறை. பூர்வகுடிப் பிள்ளைகளுக்காகப் போராடும் சிண்டி பிளாக்ஸ்டொக் தலைமையிலான அமைப்பும், பூர்வகுடிகளில் பெரும் பிரிவான முதற்குடிகளின் (First Nations) பேரவையும் 2007இல் தொடுத்த முறைப்பாட்டின் மீது, 2016 ஜனவரியில் கனடிய மனித உரிமைகள் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வெளிக்கொண்டு வந்த நடைமுறை இதுதான். பிள்ளையைக் குடும்பத்திலிருந்து எடுத்துவிட்டால் அதற்கான பராமரிப்புச் செலவை மத்திய அரசு முழுமையாகத் திருப்பிக் கொடுக்கும். எடுக்காமல் இருப்பதற்கான உதவிக்கோ, அதாவது தாய்க்கு மதுவிலிருந்து மீளச் சிகிச்சை, பாட்டி வீட்டில் கூடுதலாக ஓர் அறை, பிள்ளை பிறந்த முதல் மாதங்களில் வீட்டுக்கு வந்து துணையிருக்க ஒருவர் என்பவற்றுக்கோ, ஒதுக்கீடு மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஒழுகும் கூரையைச் சரிசெய்யப் பணமில்லை. கூரை ஒழுகுகிறது என்று பிள்ளையை எடுத்துப்போனால் அந்தச் செலவுக்குப் பணமுண்டு. இது இனப் பாகுபாடு என்று தீர்ப்பாயம் சொன்னது. இந்தக் கணக்கின்கீழ் எந்தப் பணியாளர் எவ்வளவு நல்ல மனத்தோடு படிவத்தை நிரப்பினாலும் முடிவு ஒரு பக்கமாகத்தான் சாயும்.

இந்தப் பின்னணியில் 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய சட்டத்தைப் படித்தபோது, அந்த அப்பம்மாவின் பாய்தான் என் நினைவுக்கு வந்தது. ஏழ்மை, போதிய வீட்டு வசதியின்மை, பெற்றோரின் உடல்நிலை ஆகிய காரணங்களுக்காக மட்டும் ஒரு பூர்வகுடிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்கிறது அச்சட்டம். பிரித்தே ஆக வேண்டும் என்றாலும், முதலில் பெற்றோரில் ஒருவர், பிறகு குடும்பத்தில் வேறொரு பெரியவர், அதற்குப் பிறகு அதே சமூகத்தைச் சேர்ந்தவர், பின்னர் வேறொரு பூர்வகுடிச் சமூகத்தவர் என்று வரிசையைத் தேடிப் பார்த்த பின்பே மற்றவர்களிடம் போகலாம். இவற்றுக்கும் மேலாக, சிறுவர் நலத்தில் தமக்கான சட்டத்தைத் தாமே இயற்றும் உரிமை பூர்வகுடிகளுக்கு உண்டு என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. ஒரு சமூகத்தின் ஆட்சி அமைப்பு அறிவித்தல் கொடுத்து, மத்திய, மாகாண அரசுகளோடு ஓராண்டு உண்மையாகப் பேச முயன்றிருந்தால், உடன்படிக்கை கைகூடாவிட்டாலும் அதன் சட்டம் மத்திய சட்டத்துக்குரிய வலுவோடு செல்லும். கியூபெக் அரசு இதை எதிர்த்தது. 2024 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இச்சட்டம் முழுவதும் அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்று தீர்த்தது.

இந்த வழியில் முதலில் நடந்தவற்றுள் ஒன்று சஸ்காட்சுவானின் கவசெஸ் முதற்குடி. 'மியோ பிமாதிசோவின்' என்று கிரீ மொழியில் நல்வாழ்வைக் குறிக்கும் பெயரில் அவர்கள் இயற்றிய சட்டம் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே கோடையில், பழைய மரியவல் வதிவிடப் பள்ளி இருந்த இடத்தில் அடையாளமிடப்படாத 751 புதைகுழிகள் இருப்பதாக அவர்கள் அறிவித்தார்கள். அதற்கு இரண்டு வாரங்கூட ஆகாத ஜூலை 6 அன்று, அதே மண்ணில், அப்போதைய தலைவர் கட்மஸ் டெலோர்ம், பிரதமர், மாகாண முதல்வர் மூவரும் ஒருங்கிணைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு 3 கோடியே 87 இலட்சம் டொலர் அதில் உறுதியளிக்கப்பட்டது. பிள்ளையைப் பற்றித் தீர்மானிக்கும் சட்டமும் அதை நடைமுறைப்படுத்தும் பணமும் ஒரே கையில் சேர்ந்து வந்தன.

இரண்டும் சேர்ந்து வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மனிடோபா முன்பே இருக்கிறது. 2003இல் அங்கே சிறுவர் நலத்துக்கு நான்கு அதிகார அமைப்புகள் உருவாக்கப்பட்டன. அவற்றில் இரண்டு முதற்குடிகளுக்கு, ஒன்று பூர்வகுடி, ஐரோப்பியர் கலப்பில் உருவான மெட்டி மக்களுக்கு. நல்ல தொடக்கம் என்றே பலரும் நம்பினார்கள். ஆனால் கைமாறியது நிர்வாகம் மட்டுமே. எதை 'புறக்கணிப்பு' என்று கொள்வது என்ற வரையறையும், படிவமும், நிதிக் கணக்கும் அரசிடமே இருந்தன. பராமரிப்பில் இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை குறையவில்லை. பத்தாண்டுகளில் பத்தாயிரத்தைத் தாண்டியது. பழி மட்டும் பூர்வகுடி அமைப்புகள் மேல் விழுந்தது.

ஃபீனிக்ஸ் சின்கிளேர் என்ற ஐந்து வயதுப் பிள்ளை 2005இல் தன் வீட்டிலேயே கொல்லப்பட்ட கொடுமையை எடுத்துக்காட்டி, பிள்ளையின் பாதுகாப்பு என்ன ஆவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி; தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் 2014இல் வெளியான டெட் ஹியூஸ் விசாரணை அறிக்கையைப் பார்த்தவர்களுக்கு, கடைசி முறைப்பாடு வந்தபோது பிள்ளையை நேரில் பார்க்காமலே கோப்பை மூடியவர்கள் வினிப்பெக்கின் மாகாண அமைப்பைச் சேர்ந்த பணியாளர்கள் என்பது தெரியும். பிள்ளையை அறிந்த மாமியும் சித்தியும் அயலவரும் பேச இடமுள்ள ஓர் அமைப்பே அப்படிப்பட்ட பிள்ளையை முதலில் தேடும் என்பது என் நம்பிக்கை.

என் கவலை வேறு. 2019 சட்டம், நிலையான, தேவைக்கேற்ற நிதி வேண்டும் என்ற கோரிக்கையை முகவுரையில் ஒப்புக்கொள்கிறது. கட்டாயப்படுத்தும் பிரிவுகளில் அப்படி ஒரு கடமையை எழுதவில்லை. ஒவ்வொரு சமூகமும் ஒவ்வொரு முறையும் பேரம் பேச வேண்டியிருக்கிறது. முதற்குடிகளின் சிறுவர் நலச் சேவைகளைச் சீர்திருத்த முன்வைக்கப்பட்ட 4,780 கோடி டொலர் உடன்பாட்டைத் தலைவர்கள் 2024 அக்டோபரில் வாக்களித்து நிராகரித்தபோது, "பணத்தையும் வேண்டாம் என்கிறார்களே" என்று ஒரு நண்பர் என்னிடம் சலித்துக்கொண்டார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு என்ன என்பதற்கு உறுதியில்லை, தீர்ப்பாயத்தின் கண்காணிப்பு நின்றுவிடும் என்பவை எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் சில. ஒன்பது ஆண்டுகள் வழக்காடித்தான் 2016 தீர்ப்பையே பெற்றவர்கள் அந்தக் கண்காணிப்பை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எனவே நிதியைச் சட்டத்தின் பிரிவாகவே எழுத வேண்டும் என்று நம் தொகுதி உறுப்பினர்களிடம் நாமும் கேட்கலாம். நம் வாக்குக்காக வாசலுக்கு வருகிறவர்கள்தானே.

"அவர்களால் முடியுமா?" என்பவர்களுக்கு ஓர் இடத்தைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்பலம்சீன், இன்று ஸ்ப்லாட்சின் எனப்படும் சமூகம், 1980இலேயே தன் பிள்ளைகளைப் பற்றித் தானே முடிவெடுக்கும் துணைச்சட்டத்தை இயற்றியது. அப்போது அதன் தலைவராக இருந்த வெய்ன் கிறிஸ்டியன் தாமே சிறுவயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு வளர்ந்தவர். அந்த ஆண்டு அக்டோபரில் பூர்வகுடிக் குடும்பங்கள் வாகன அணியாக வன்கூவர் நகருக்குப் போய், பொறுப்பான அமைச்சரின் வீட்டு வாசலிலேயே கூடினார்கள். மாகாணம் அந்தத் துணைச்சட்டத்தை மதிப்பதாக ஒப்புக்கொண்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு நாற்பதாண்டுக்கு மேல் முன்பே, அந்தச் சமூகம் தன் பிள்ளைகளைத் தன் சட்டப்படி பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது.