அப்பாவின் மாருதி தோப்புக்குள் மட்டும் ஓடுகிறது

அப்பாவின் பழைய காரைக் கரண்ட் வண்டியாக மாற்றி, பொள்ளாச்சி பக்கம் மச்சான் தோப்பில் ஓட்டி எடுத்த வீடியோவைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸ் முழுக்க ஒரே கேள்விதான். "அண்ணா, என் பழைய காரையும் வீட்டிலேயே கரண்ட் வண்டியா மாத்த முடியுமா? எவ்வளவு ஆகும்?" ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். மாற்ற முடியும். நானும், பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரும், அக்கா மகனும் சேர்ந்து ஏழு மாதத்தில் மாற்றி முடித்தோம். ஆனால் அந்த வண்டியை நான் ரோட்டில் ஓட்டுவதில்லை. கோவையிலிருந்து தோப்புக்கே ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோனேன். அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வண்டி 1999 மாடல் மாருதி 800. அப்பா வாங்கியது. அவர் போன பிறகு வீட்டு வாசலில் நின்றுகொண்டே இருந்தது. இன்ஜின் இரண்டு முறை பிரித்துக் கட்டியது, மூன்றாவது முறைக்கு சிலிண்டர் போர் தாங்காது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். பழைய இரும்புக்காரர் 22,000 ரூபாய் தருகிறேன் என்றார். பாடியில் ஒரு இடத்தில்கூடத் துரு இல்லை, கதவு ஒரு தட்டில் சாத்துகிறது, கியர் பாக்ஸ் வெண்ணெய் மாதிரி விழுகிறது. இன்ஜின் ஒன்று போனதற்காக இவ்வளவையும் நசுக்கக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் ஊர் மோட்டார் ஊர். 1937இல் இந்தியாவின் முதல் மின் மோட்டார் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு கைவண்ணத்தில் இங்கேதான் உருவானது என்பதைப் பெருமையோடு சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். பம்புசெட்டுக்குக் காயில் கட்டுகிறவர், ஷாஃப்ட் கடைகிறவர், காஸ்டிங் ஊற்றுகிறவர் எல்லோரும் ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். காருக்குள் மோட்டாரை உட்காரவைப்பது நமக்குப் பெரிய வித்தையாக இருக்காது என்றுதான் இறங்கினேன். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

கடினமான வேலை மோட்டாரைக் கியர் பாக்ஸோடு சேர்ப்பதுதான். இன்ஜின் இருந்த இடத்தில் அலுமினியத் தகடு ஒன்று வரும். அதன் ஒரு பக்கம் கியர் பாக்ஸின் போல்ட் துளைகள், மறுபக்கம் மோட்டாரின் துளைகள். நடுவில் இரண்டு ஷாஃப்டையும் இணைக்க ஒரு கப்ளிங். கியர் பாக்ஸ் ஷாஃப்டில் வரிவரியாக இருக்கும் பல்லுக்குப் பொருந்தும் துண்டைப் புதிதாகச் செய்யப் பெரிய மெஷின் வேண்டும். நண்பர் அதற்குப் போகவே இல்லை. பழைய கிளட்ச் பிளேட்டை எடுத்து, அதன் நடுக் குமிழை மட்டும் வெட்டி, லேத்தில் மட்டம் செய்து, கப்ளிங்கோடு வைத்துப் பற்றவைத்தார். முதல் முறை ஓட்டிப் பார்த்தபோது நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தாண்டியதும் வண்டியே நடுங்கியது. டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் மையம் 0.12 மில்லிமீட்டர் விலகியிருந்தது. ஒன்றிரண்டு தலைமுடி கனம்தான் இருக்கும். "இதுபோதும்னு விட்டா ஆறே மாசத்துல பேரிங் போயிரும்ங்க, கழட்டுங்க" என்றார். கழற்றினோம். தகடு நகராமல் பிடிக்கும் டவல் பின் அடித்து, மையத்தை 0.03க்குக் கொண்டுவந்த பிறகுதான் அவர் டீயே குடித்தார்.

பேட்டரிக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மாருதி 800இன் டேங்க் 28 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள சக்தி ஏறக்குறைய 9 யூனிட் கரண்டுக்குச் சமம். ஆக, நிறைந்த டேங்கில் 250 யூனிட் இருக்கிறது. நான் போட்டிருப்பது 32 லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர். எல்லாம் தொடராகச் சேர்த்தால் 102 வோல்ட், சுமார் 10 யூனிட். அதாவது டேங்கில் இருந்ததில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஆனால் ஓடும் தூரம் இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறையவில்லை, ஐந்தில் ஒரு பங்காகத்தான் குறைந்தது. டேங்கை நிரப்பினால் 450 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 90 ஓடுகிறது. பெட்ரோலின் பெரும்பகுதி சைலன்சரிலும் ரேடியேட்டரிலும் வெறும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது என்பதை இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்த அன்றுதான் உணர்ந்தேன்.

எடையையும் பார்த்தோம். இன்ஜின், ரேடியேட்டர், சைலன்சர், டேங்க் என்று இறக்கியது எல்லாம் எடை மேடையில் 118 கிலோ. ஏற்றியது 131. செல்களில் 20 முன்னால், 12 டேங்க் இருந்த இடத்தில். பின்சீட்டில் கை வைக்கவில்லை.

இன்னொன்று, இதை யாரும் வீடியோவில் சொல்வதில்லை. பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டர், இன்ஜின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது. இன்ஜினை இறக்கினால் பெடல் கல்லாகிவிடும். அதற்குத் தனியாக ஒரு மின்சார வேக்குவம் பம்பும் சின்ன டேங்கும் கட்டாயம் வேண்டும். "வண்டி ஓடுது பாருங்க" என்று காட்டுகிறவர்கள் நிற்பதையும் காட்ட வேண்டும்.

சரி, இனி என்னைப் பயமுறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். செல்கள்.

புதுசு என்று சொல்லி ஒருவர் விற்ற முதல் தொகுப்பு பார்க்கப் பளபளவென்று இருந்தது. அக்கா மகன்தான் மேல்பக்கத்து க்யூஆர் கோடு சுரண்டப்பட்டிருப்பதைக் கவனித்தான். ஒவ்வொரு செல்லாக முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி அளந்தோம். பதினெட்டு நாள் ஆனது. 100 ஆம்பியர் ஹவர் வரவேண்டிய இடத்தில் பதினொரு செல்கள் 80ஐத் தொடவில்லை, ஒன்று 71இல் நின்றது. எங்கோ ஓடிக் களைத்த செல்லுக்குப் புது நீல உறை மாட்டியிருக்கிறார்கள். தொடரில் ஒரு செல் நோஞ்சானாக இருந்தால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை. அதுதான் முதலில் காலியாகும், முதலில் சூடாகும். பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. மீதிப் பணத்தைவிட என்னை உறுத்துவது வேறு. அளந்து பார்க்காத இன்னொருவர் அதே செல்களை வாங்கித் தன் பிள்ளைகள் உட்காரும் சீட்டுக்கு அடியில் வைத்திருப்பார் இல்லையா?

ஒரு மாலை, செல்களை இணைக்கும் பஸ்பார் தகட்டை முடுக்கும்போது அக்கா மகன் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. இரண்டு முனைகளுக்குக் குறுக்கே விழுந்தது. ஒரு வெடிச்சத்தம், வெல்டிங் வெளிச்சம். ஸ்பேனரின் நடுவில் ஒரு கடலை அளவுக்கு இரும்பு இல்லை. அவன் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டிருந்தான், ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு எல்லா ஸ்பேனருக்கும் கைப்பிடி வரை உறை போட்டோம். மோதிரம், வாட்ச், அரைஞாண் எல்லாம் கழற்றி வைத்த பிறகுதான் வேலை.

வீட்டு ஒயரிங் தெரிந்தவர்கள் "கரண்ட் எல்லாம் நமக்குப் பழக்கம்தானே" என்று இறங்குவதுதான் ஆபத்து. வீட்டுக்கு வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரம் ஒரு நொடியில் நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு வருகிறது. அதனால் சுவிட்சை ஆஃப் செய்தால் பொறி தானாக அணைந்துவிடும். பேட்டரியின் டிசி (நேர்திசை) மின்சாரத்துக்கு அந்தப் பூஜ்யமே கிடையாது. பொறி பிடித்தால் பிடித்ததுதான், எரிந்துகொண்டே இருக்கும். வீட்டு எம்.சி.பி.யை இதில் போட்டால் அது தானே உருகிப்போகலாம். டிசிக்கென்றே செய்த பியூஸ், கான்டாக்டர் (பெரிய கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். 60 வோல்ட்டுக்கு மேல் டிசி உயிருக்கு ஆபத்து என்றுதான் மின்சார வாகனத் தரக்கட்டுப்பாடுகள் வைத்துக்கொள்கின்றன. என் வண்டியில் இருப்பது 102.

2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனதை நாம் மறந்திருக்க முடியாது. அந்த வருடத் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. ஃபேக்டரியில் செய்ததற்கே அந்தக் கதி என்றால், ஷெட்டில் செய்ததை யாரும் பார்க்காமல் ரோட்டில் விடக் கூடாது. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

அப்படியானால் யாரிடம் காட்டுவது? இங்கேதான் எனக்கு ஆற்றாமை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதே பிரிவு, வேறு எரிபொருளுக்கு மாற்ற கிட் (மாற்றத்துக்கான பாகங்களின் தொகுப்பு) பொருத்தலாம் என்றும் சொல்கிறது. பேட்டரி என்ற சொல்லே அதில் இருக்கிறது. ஆனால் அந்த கிட், மின்சார மாற்றத்துக்கான ஏ.ஐ.எஸ். 123 தரத்தின்படி ஒரு நிறுவனம் செய்து, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை மையத்தில் குறிப்பிட்ட மாடல்களுக்கென்று அனுமதி வாங்கியதாக இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் விற்கப் போகிறவருக்கு அந்தச் செலவு கட்டும். ஒரே ஒரு வண்டியை, தன் கையால், தன் வீட்டுக்கென்று மாற்றிய ஆளுக்கு அந்த வாசல் வழியாக நுழையவே முடியாது. நான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டபோது கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "கிட் அப்ரூவல் சர்டிபிகேட் இருக்குங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். அவரிடம் அதற்கு அடுத்த கேள்வி இல்லை.

சட்டம் ஏன் தயங்குகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆம்னியில் வீட்டு கேஸ் சிலிண்டரை வைத்து ஓட்டிய காலத்தைப் பார்த்தவன் நான். பள்ளிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, சீட்டுக்குப் பின்னால் சிவப்பு சிலிண்டர். அதைத் தடுத்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அங்கேயும் தடையோடு நிற்கவில்லை. அனுமதி பெற்ற கிட், சோதனை செய்த டேங்க், ஆர்.சி.யில் பதிவு என்று ஒரு வழியும் போட்டார்கள். வழி வந்த பிறகு கேஸ் வண்டி வைத்திருப்பவர் தலைநிமிர்ந்து ஓட்டினார்.

நியூசிலாந்தில் தனி ஆள் மாற்றிய வண்டிக்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற சோதகர் வந்து, வயர் போன பாதை, பேட்டரிப் பெட்டியின் பிடிமானம், பிரேக், எடை எல்லாம் பார்த்து, திருப்தி என்றால் வண்டியில் ஒரு தகடு பதிக்கிறார். ஆஸ்திரேலியாவில் மின்சார மாற்றத்துக்கென்று வழிகாட்டிக் கையேடே உண்டு, தகுதி பெற்ற பொறியாளர் சான்று தருகிறார். பிரான்ஸ் 2020இல் நம்மைப் போலவே கிட் வழியைத்தான் திறந்தது. நமக்கு இரண்டு வழியும் வேண்டும் என்கிறேன். கிட் விற்பவருக்கு இப்போது உள்ளது இருக்கட்டும். ஒற்றை வண்டிக்காரனுக்கு ஒற்றை வண்டிச் சோதனை ஒன்று வரட்டும். ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. ஊருக்கு ஊர் பாலிடெக்னிக் இருக்கிறது, டிசி லேப் வைத்த இன்ஜினியரிங் கல்லூரிகள் இருக்கின்றன. நம் பிரேக் இன்ஸ்பெக்டர்களுக்கு ஒரு மாதப் பயிற்சி கொடுத்தால் முக்கால்வாசிக் குறையை அவர்களே கண்ணால் கண்டுபிடிப்பார்கள். கட்டணம் இருபதாயிரம் வைத்தாலும் கட்டுவேன். மூன்று முறை திருப்பி அனுப்பினாலும் சரிசெய்து கொண்டுவருவேன்.

வழி இல்லாததால் என்ன நடக்கிறது தெரியுமா? மாற்றுகிறவர்கள் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ராத்திரியில் ஓட்டுகிறார்கள். இன்சூரன்ஸ் பேப்பரில் பெட்ரோல், பானெட்டுக்குள் பேட்டரி. நாளைக்கு ஒரு விபத்து என்றால் அடிபட்டவர் குடும்பம் நஷ்ட ஈட்டுக்கு எங்கே போய் நிற்கும்? என் வண்டி தோப்பை விட்டு வெளியே வராததற்குக் காரணம் போலீஸ் பயம் இல்லை, இந்தக் கேள்விதான்.

அப்புறம் பணம். மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது, திரும்பக் கடைந்த தகடும் ஏமாந்த செல்லும் சேர்த்து. பெட்ரோலில் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் ஆனது, கரண்டில் ஒரு ரூபாய்க்குள் அடங்குகிறது. கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்றால், போட்ட காசு எடுக்க 60,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். தினம் இருபது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு எட்டு வருடம். ஆகவே காசு மிச்சம் பிடிக்க மட்டும் யாரும் இதில் இறங்காதீர்கள். நல்ல பாடி, நல்ல கியர் பாக்ஸ், கூட நிற்க ஒரு லேத்காரர், பக்கத்தில் பேட்டரி தெரிந்த ஆள், ஒரு வருடப் பொறுமை, இவை இருந்தால் மட்டும் யோசியுங்கள். செல்லை அளக்காமல் மாட்டப் போகிறவர் தயவுசெய்து வேண்டாம்.

ஆனால் முதல் நாள் சாவியைத் திருப்பியபோது ரிலே "டக்" என்றது, ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் தென்னை மட்டைகள் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா முன்சீட்டில் இருந்தார். மூன்று சுற்று வந்த பிறகு, "ஸ்டார்ட் பண்ணீட்டயா சாமி?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் கோப்பாக வைத்திருக்கிறேன். 32 செல்களின் அளவு, ஒவ்வொரு வெல்டின் படம், எந்த போல்ட் எவ்வளவு முறுக்கு என்ற நோட்டு, எடை மேடை ரசீது, சர்க்யூட் வரைபடம். மனுவோடு சேர்த்து அடுத்த வாரம் போக்குவரத்துத் துறைக்கு அனுப்புகிறேன். இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கல்லூரியில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்கிறவர்கள் படித்தால், ஒரு நாள் வந்து வண்டியைப் பாருங்கள். குறை எங்கே என்று கைவைத்துக் காட்டுங்கள். நீங்கள் வர முடியாவிட்டால் இடத்தைச் சொல்லுங்கள், ரெக்கவரி வண்டியில் ஏற்றி நானே கொண்டுவருகிறேன்.