டைப் ஆரா, ஜிஆர் கொரோலாவா? டயர் கடையிலிருந்து என் ஓட்டு

"ஹோண்டா சிவிக் டைப் ஆர் எடுக்கலாமா, டொயோட்டா ஜிஆர் கொரோலா எடுக்கலாமா?" என்று ஒரு பையன் வந்து கேட்டால், எத்தனை குதிரைத்திறன், எத்தனை விநாடியில் நூறு என்றெல்லாம் நான் பேச மாட்டேன். "உன் வீட்டு வாசலிலிருந்து டோல் வரைக்கும் ரோடு எப்படி?" என்றுதான் கேட்பேன். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் டயர் கடை வைத்திருப்பவன் வேறு என்ன கேட்பான்.

இப்போது இந்தக் கேள்வி எங்கள் குடும்பத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அக்கா மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. வார நாளில் ஜொகூர் பாருவில் வாடகை அறை, வெள்ளிக்கிழமை இரவு வீடு. கல்யாணம் இன்னும் ஆகவில்லை. இந்தக் காசுக்கு வீடு வாங்கலாமே என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வீடு வாங்கியாயிற்று, அக்காவும் அத்தானும் அதில்தான் இருக்கிறார்கள். அவன் காசு, அவன் ஆசை. வங்கி ஜாமீன் கேட்டால் கையெழுத்துப் போடப் போகிறவன் நான் என்பதால் எனக்கும் இதில் பேச்சு உண்டு.

முதலில் டைப் ஆருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். எஃப்எல்5 என்கிற இந்த மாடல் 2 லிட்டர் டர்போ. இங்கே வந்த காரில் 319 குதிரைத்திறன், 420 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அத்தனையும் முன் சக்கரம் இரண்டுக்குத்தான் போகிறது. அவ்வளவு சக்தி முன்னால் போனால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஸ்டியரிங் ஒரு பக்கமாகப் பிடித்து இழுக்க வேண்டும். ஹோண்டாக்காரர்கள் முன் சஸ்பென்ஷனில் சக்கரம் திரும்பும் அச்சைத் தனியாகப் பிரித்து வைத்து அந்த இழுப்பை நன்றாகவே அடக்கியிருக்கிறார்கள். கியர் மாற்றும்போது கையில் கிடைக்கிற உணர்வுக்கு ஈடே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் கொரோலா பக்கத்தில்கூட வராது. (அந்த அலுமினியக் கியர் குமிழை மத்தியானம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து தொட்டுப் பாருங்கள், அப்போது வேறு உணர்வு கிடைக்கும்.)

2023இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையை, 20.832 கிலோமீட்டரை, 7 நிமிடம் 44.881 விநாடியில் ஓடி, முன் சக்கர இழுவைக் கார்களில் சாதனை படைத்தது இதுதான். பையன் இந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். "அன்றைக்கு அதில் மாட்டியிருந்த டயர் என்ன?" என்று கேட்டேன். முழித்தான். மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 கனெக்ட். பந்தயப் பாதையை மனதில் வைத்துச் செய்த டயர், ரோட்டிலும் ஓட்டலாம், அவ்வளவுதான். ஷோரூம் காரில் வருவது பைலட் ஸ்போர்ட் 4எஸ். அருமையான டயர், நம் மழைக்கு கப் 2வைவிட இதுதான் மேல். ஆனால் அந்த 7 நிமிடம் 44 விநாடி இந்த டயரில் வந்தது இல்லை. சேல்ஸ்மேன் இதைச் சொல்ல மாட்டார், டயர் கடைக்காரன்தான் சொல்வான்.

ஜிஆர் கொரோலா அடுத்த ஆள். 1.6 லிட்டர், மூன்றே சிலிண்டர். 2023இல் இங்கே வந்தபோது 300 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர். அதற்குப் பிறகு வந்த புதுப்பித்த மாடலில் டொயோட்டா அதை 400 நியூட்டன் மீட்டருக்கு ஏற்றி, 8 கியர் ஆட்டோமேட்டிக்கையும் சேர்த்துக்கொண்டது. மூன்று சிலிண்டர் என்றதும் நம் ஆட்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள், "அக்சியாவுக்கும் மூன்று சிலிண்டர்தானே அண்ணே" என்று, நம் ஊர்ச் சின்னக் காரைச் சொல்லி. அக்சியாவுக்கும் மூன்றுதான், சரி. இது ரேலி வண்டிக்குக் கணக்குப் பார்த்துச் செய்த இயந்திரம். 1,618 சிசி. அந்தக் கூடுதல் 18 சிசியால் நம் நாட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? 1,600 வரைக்கும் சாலை வரி 90 வெள்ளி (ரிங்கிட்). 1,618 என்றால் 207 வெள்ளி 20 காசு. டைப் ஆருக்கு 378 வெள்ளி. இந்த விலைக்குக் கார் வாங்குகிறவனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஆனாலும் 18 சிசிக்கு 117 வெள்ளி என்று பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

கொரோலாவின் சக்தி நாலு சக்கரத்துக்கும் போகிறது. முதலில் வந்த மாடலில் முன்னும் பின்னும் 60க்கு 40, 30க்கு 70, 50க்கு 50 என்று குமிழைத் திருப்பிப் பங்கை மாற்றிக்கொள்ளலாம். கையால் இழுக்கிற ஹேண்ட் பிரேக் இருக்கிறது. இழுத்தால் பின் சக்கரங்களுக்குப் போகும் சக்தி தற்காலிகமாக அறுந்துவிடும், பின்பக்கம் தாராளமாகச் சுழலும். டைப் ஆரில் ஒரு பொத்தான்தான். அந்த ஹேண்ட் பிரேக்கை வைத்துப் பள்ளி மைதானத்தில் வித்தை காட்ட நினைக்கும் தம்பிகளுக்கு என் கடையில் கடன் கிடையாது.

இனி நம் ரோட்டுக்கு வருகிறேன். ரெங்கத்திலிருந்து சிம்பாங் ரெங்கம் டோலுக்குப் போகிற வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் போக ஒரு தடம், வர ஒரு தடம். குலை ஏற்றிய லோரி நாள் முழுக்க ஓடும். அதன் எடையில் தார் ஓரம் பிஸ்கட் மாதிரி உடைந்து உடைந்து போயிருக்கும். எதிரே லோரி வந்தால் நாம் அந்த உடைந்த ஓரத்துக்குத்தான் இறங்கியாக வேண்டும். தோட்ட வாசல்களில் சக்கரத்தோடு வந்த செம்மண் ரோட்டில் பூசிக் கிடக்கும். லோரியிலிருந்து விழுந்த உதிரிப் பழத்தை அடுத்த லோரி நசுக்கிவிட்டுப் போயிருக்கும்; அதன் மேல் முதல் மழைத் தூறல் விழுந்ததும் எப்படி வழுக்கும் என்பது மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். இரவில் மாடு வேறு.

இந்த ரோட்டில்தான் டயர் அளவைப் பார்க்க வேண்டும். டைப் ஆருக்கு 265/30 ஆர்19. கொரோலாவுக்கு 235/40 ஆர்18. டயர் அகலத்தில் இத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பதைத்தான் நடுவில் உள்ள எண் சொல்கிறது. கணக்குப் போட்டால் டைப் ஆரின் டயரில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் இடையே எழுபத்தொன்பதரை மில்லிமீட்டர்தான் ரப்பர். கொரோலாவில் 94. பதினாலரை மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். குழியின் விளிம்பு டயரை அமுக்கி ரிம்மைத் தொடுகிறதா, தொடாமல் விடுகிறதா என்பது அந்த அளவுக்குள்தான் முடிவாகிறது.

கடைக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம், அதே 265/30 ஆர்19 போட்ட கார். கோயில் திருவிழாவுக்கு வந்தவர், லோரிக்கு ஒதுங்கும்போது இடது முன் சக்கரத்தைக் குழியில் விட்டுவிட்டார். காற்று இறங்கவில்லை, அதனால் அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தார். நான் டயரைச் சுற்றிக் கையால் தடவினேன். பக்கச் சுவரில் ஓர் இடத்தில் கோழிமுட்டை அளவு புடைப்பு. உள்ளே நூல் அறுந்துவிட்டது, வெளியே ரப்பர் மட்டும்தான் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை ஒட்ட முடியாது, தைக்க முடியாது, அந்த டயரோடு நெடுஞ்சாலையில் ஏறினால் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. ரிம்மின் உள் விளிம்பும் நசுங்கியிருந்தது. என் கடையில் இருப்பது அக்சியாவுக்கு 175/65 ஆர்14, மைவிக்கு 185/55 ஆர்15, அப்புறம் லோரி டயர். காரின் பின்பக்கச் சாமான் பெட்டியை (பூட்) திறந்தால் ஸ்பேர் டயருக்குப் பதிலாக ஒரு பம்பும் பசைக் குப்பியும். புடைத்த டயருக்குப் பசை என்ன செய்யும்? கார் என் கொட்டகையில் தங்கியது, அவர் மச்சான் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

235/40 ஆர்18 அப்படியில்லை. இதில் ஒரு வேடிக்கை: ஹோண்டாவின் சிவிக் ஆர்எஸ்ஸுக்கே அந்த அளவுதான். அதனால் குளுவாங்கில் ஓரளவு பெரிய கடைக்குப் போனால் கிடைக்கும். டொயோட்டா வாங்குகிறவன் ஹோண்டாக்காரர்களின் புண்ணியத்தில் டயர் வாங்கலாம்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டுக் கடைசியில் பெய்கிற மழையில் நம் ரோட்டில் தண்ணீர் தேங்கும். அகலமான டயர் அந்தத் தண்ணீரைத் தள்ளி ஒதுக்கச் சிரமப்படும், சீக்கிரமே மிதக்கும். போத்தாக் ஆக, அதாவது வழுவழுவென்று தேயத் தொடங்கிய டயர் என்றால் கேட்கவே வேண்டாம், டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆகும் வரை சட்டம் விடுகிறது, நான் 3க்குக் கீழே வந்ததும் மாற்றச் சொல்வேன். ஈரத்தில் இரண்டாவது கியரில் மிதித்தால் டைப் ஆரின் முன் சக்கரம் சுழலும். திருப்புவதும் இழுப்பதும் அதே இரண்டு டயரின் வேலை. கொரோலா பாதி வேலையைப் பின்னால் அனுப்பிவிட்டுக் கிளம்பிப் போய்விடும். ஆனால் ஒன்று, நாலு சக்கர இழுவை கிளம்புவதற்குத்தான் உதவும். நிறுத்துவதற்கு எல்லாக் காருக்கும் நாலு பிரேக், நாலு டயர்தான். "நமக்குத்தான் ஏடபிள்யூடி இருக்கிறதே" என்று மழையில் பறந்து போய் வாய்க்காலில் இறங்கிய வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

கொரோலாவின் குறையை மறைக்க எனக்கு யாரும் கமிஷன் தரவில்லை. பூட் சிறியது, 213 லிட்டர்தான். டைப் ஆருக்கு 410. பொங்கல் சாமான் வாங்கப் போனால் வித்தியாசம் தெரியும். பின் சீட்டில் கால் நீட்ட இடம் கம்மி. டைப் ஆரில் பின்னால் இடம் தாராளம், ஆனால் இரண்டு பேருக்குத்தான் சீட், நடுவில் தட்டு. அக்கா, அத்தான், பாட்டி என்று மூன்று பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பத்துமலைக்குப் போகும் பேச்சே கிடையாது. அதற்கு அத்தானின் மைவி இருக்கிறது. இரண்டுமே குடும்பக் கார் கிடையாது என்று ஒப்புக்கொண்டுவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

"18 அங்குல ரிம் மாட்டிவிட்டால் டைப் ஆரும் சரியாகிவிடும் மாமா" என்கிறான் பையன். மாட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் புதுக் காரை எடுத்து வந்த முதல் வாரமே அதன் ரிம்மைக் கழற்றி வீட்டில் அடுக்குவதென்றால், அந்தக் கார் இந்த ரோட்டுக்கு ஏற்றதில்லை என்று நீயே சொல்கிறாய் என்றுதானே அர்த்தம். காப்புறுதிக்காரரிடமும் சொல்ல வேண்டும்.

அப்புறம் காசு. இங்கே வந்தபோது கொரோலா 355,000 வெள்ளி, டைப் ஆர் 399,900. வித்தியாசம் 44,900. அந்தக் காசுக்கு அக்காவுக்கு ஒரு புது அக்சியா வாங்கித் தரலாம். இப்போதைய விலையை ஷோரூமில் கேட்டுக்கொள்ளட்டும். காப்புறுதி முதல் வருடம் என்சிடி (இழப்பீடு கேட்காதவருக்குத் தரும் தள்ளுபடி) இல்லாமல் கட்டினால் கண்ணீர் வரும், பழைய காரின் என்சிடியை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இரண்டுக்கும் ரோன்97 பெட்ரோல்தான் ஊத்த வேண்டும், மானிய எண்ணெய்க் கணக்கெல்லாம் இங்கே செல்லாது. ஒன்பது வருடக் கடன் என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஐந்து என்றால் பேசலாம். ஜப்பானில் ஓட்டிய பிறகு இறக்குமதியாகி வரும் ரீகண்ட் டைப் ஆர் 330 குதிரைத்திறன் என்று ஒருவர் ஆசை காட்டியிருக்கிறார். 11 குதிரைக்காக இங்குள்ள கம்பெனியின் உத்தரவாதத்தை விட்டுவிடாதே, எடுத்தால் புதுசாக எடு என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் காலத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. 1998இல் புரோட்டான் சத்ரியா ஜிடிஐ வந்தது, 1.8 லிட்டர் மிட்சுபிஷி இயந்திரம், லோட்டஸ் சரிபார்த்த சஸ்பென்ஷன். சின்னக் கார், மிதித்தால் ஓடும், குழியில் விழுந்தால் அடுத்த கடையில் டயர் கிடைக்கும். இன்றைக்கும் நல்ல நிலையில் ஒன்று வந்து நின்றால் வேலையை விட்டுவிட்டுச் சுற்றிப் பார்ப்பேன்.

ஆக என் ஓட்டு கொரோலாவுக்கு. டைப் ஆர்தான் அழகான கார், ஓட்டுவதற்கும் அதுதான் இனிமை. சிப்பாங் பந்தயப் பாதைக்கு மாதம் ஒரு முறை போகிறவனாக, ஜொகூர் பாருவில் வீடு உள்ளவனாக இருந்திருந்தால் மறுபேச்சு இல்லாமல் அதையே எடுக்கச் சொல்லியிருப்பேன். வெள்ளிக்கிழமை இரவு மழையில், எதிரே லோரி விளக்கு கண்ணில் அடிக்க, அக்கா வீட்டுக்கு வருகிறவனுக்கு அது வேண்டாம்.

பையன் இன்னும் முடிவு செய்யவில்லை. வெயில் நாளில் டெஸ்ட் டிரைவ் போகாதே, மழை பெய்யும்போது போன் பண்ணிக் கேட்டுப் போ என்று சொல்லியிருக்கிறேன். போகும்போது பாட்டியைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போகச் சொன்னேன், சிரிக்கிறான்.

டைப் ஆர் வைத்திருக்கும் அண்ணன் தம்பிகள் சண்டைக்கு வரலாம், கடை ஞாயிறு மத்தியானம் வரை திறந்திருக்கும். 235/40 ஆர்18 வேண்டுமென்றால் முதல் நாள் சொல்லிவிடுங்கள், எடுத்து வைக்கிறேன். 265/30 ஆர்19க்கு முன்பணம் கட்டினால்தான் ஆர்டர்.